லியோனில் ஒரு வெள்ளிக்கிழமை

சாப்பாட்டுக்குப் பிரான்ஸின் தலைநகரம் பாரீஸ் இல்லை, லியோன். பாரீஸ்காரர்களே இதை ஒப்புக்கொள்வார்கள், கொஞ்சம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு. அப்பேர்ப்பட்ட ஊரில் எனக்கும் என் மனைவிக்கும் சேர்ந்தாற்போல் கிடைத்தது ஒரே ஒரு நாள். 2019 ஜூன் 21. வெள்ளிக்கிழமை!

கல்யாணமானவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் வாரத்தில் ஆறு நாள் மீன், கோழி, ஆடு எல்லாவற்றுக்கும் சம உரிமை உண்டு. வெள்ளிக்கிழமை மட்டும் வாசல்படி தாண்டக் கூடாது. கேக் வடிவத்தில் வரும் முட்டைக்கு மட்டும் விதிவிலக்கு.

"இங்க யாருடி பார்க்கப் போறாங்க? காஞ்சிபுரம் எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கு."

"சாமிக்குப் பாஸ்போர்ட் தேவையில்லீங்க" என்றாள்.

ஆபீஸ் வேலையாக இரண்டு வாரம் என்னை அங்கே அனுப்பியிருந்தார்கள். கம்ப்யூட்டர் உத்தியோகம். கடைசி மூன்று நாளுக்கு, பையனை என் அம்மாவிடம் விட்டுவிட்டு அவளும் வந்து சேர்ந்தாள். டிக்கெட் நம் சொந்தச் செலவு. அந்தக் கணக்கை இன்னும் பிராவிடண்ட் ஃபண்டிடம் தீர்த்துக்கொண்டிருக்கிறேன். வியாழனோடு வேலை முடிந்தது. சனிக்கிழமை சாயங்காலம் விமானம். நடுவில் இந்த வெள்ளி.

காலையில் முதல் வேலையாக மார்க்கெட். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே 1971-ல் கட்டிய கட்டடம். பெயர் பால் பொக்யூஸ் மார்க்கெட். ஒரு சமையல்காரர் பெயரை மார்க்கெட்டுக்கு வைக்கிற ஊர்! 2018-ல் காலமான பொக்யூஸ் இந்த ஊருக்குச் சமையலில் கிட்டத்தட்ட எம்.ஜி.ஆர். மாதிரி. ஊருக்கு வெளியே இருக்கிற அவருடைய ரெஸ்டாரெண்ட் 1965-லிருந்து 2020 வரை மிஷ்லின் கைடின் மூன்று நட்சத்திரத்தை விடாமல் வைத்திருந்தது.

அவருக்கும் முன்னால் இங்கே ஆண்ட பரம்பரை ஒன்று உண்டு. 'அம்மாக்கள்'. பணக்காரர் வீடுகளில் சமைத்துக் கொட்டிய பெண்கள் வெளியே வந்து சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை போட்டார்கள். அவர்களில் ஒருவர் யூஜெனி ப்ராஸியே. 1933-ல் இரண்டு ரெஸ்டாரெண்டுகளுக்குத் தலா மூன்று நட்சத்திரம், மொத்தம் ஆறு. ஆண், பெண் இருபாலரிலும் அதை முதலில் சாதித்தவர் அந்த அம்மாதான். பொக்யூஸ் இளவட்டமாக இருந்தபோது அவர் அடுப்படியில் வேலை கற்றவர். மாடு கறப்பதும் துணி துவைப்பதும்கூட அந்த டிரெயினிங்கில் சேர்த்தி. நம் ஆபீஸ்களில் புதிதாகச் சேருகிறவர்களைக் காபி வாங்க அனுப்பினால் கோபித்துக் கொள்கிறார்கள்.

மார்க்கெட்டுக்குள் நான் நடந்தது, சம்பளத்துக்கு மறுநாள் நகைக்கடைக்குள் நடக்கிற மாதிரி. கண்ணாடிக்குப் பின்னால் ஆற்று மீனை அரைத்துச் செய்கிற 'க்னெல்' என்கிற கொழுக்கட்டைகள். வாலை விரித்த கோழிகள். தொங்குகிற சாசேஜ்கள், விதவிதமான தடிமனில். என் மனைவி இவற்றை எல்லாம் பொருட்காட்சியில் பாம்பு பார்க்கிற தூரத்தில் நின்று பார்த்தாள். சீஸ் கடை வந்ததும் அருகே போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"கெட்டுப் போயிருக்குங்க."

"அதுதான் விலை ஜாஸ்தி."

கடைசியில் அவளை மயக்கியது ஒரு ரோஸ் கலர். பாதாமைச் சர்க்கரைப் பாகில் புரட்டி எடுத்த 'ப்ராலின்', திருவிழாக் கடையில் மிட்டாய் அடுக்குகிற அதே ரோஸ். அதையே உருக்கி ஊற்றிச் செய்த டார்ட் ஒன்றை வாங்கி அட்டைப் பெட்டியில் கட்டிக்கொண்டாள். "ராத்திரிக்கு" என்றாள். அந்தப் பெட்டியை அன்றைக்குப் பூராவும் சுமந்தவன் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம்.

அங்கிருந்து மெட்ரோ. இரண்டு இடத்தில் மாறி, கடைசியாகப் பல்சக்கரத்தில் மலை ஏறுகிற ஒரு வண்டியில் க்ருவா ரூஸ் என்கிற குன்றுக்குப் போனோம். அங்கே போனது என் திட்டம். காரணம், ஜக்கார்.

ஜோசப் மாரி ஜக்கார் 1752-ல் லியோனில் பிறந்தவர். 1804-ல் அவர் கொண்டு வந்த தறியில் டிசைன் எல்லாம் ஓட்டை போட்ட அட்டைகளில் இருக்கும். ஓட்டை இருந்தால் கொக்கி எழும்பும், நூல் தூக்கும். இல்லாவிட்டால் சும்மா இருக்கும். ஆமாம், இல்லை. ஒன்று, பூஜ்யம். அந்த அட்டையிலிருந்துதான் இங்கிலாந்தின் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு யோசனை எடுத்தார். எங்கள் தொழிலுக்கே தாத்தா! குன்றின் மேல் சதுக்கத்தில் சிலையாக நிற்கிறார். நான் செருப்பைக் கழற்றாத குறையாகக் கும்பிட்டேன்.

"இது யாரு?"

சொன்னேன்.

"ஜக்காடு பெட்டி ஜக்காடா?" அவள் குரல் உயர்ந்துவிட்டது. "ஐயோ, இவர் எங்க ஆளுங்க!"

அவள் ஊர் காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். என் மாமனார் பட்டு நெசவாளி. இது எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு அவர் கையால் நெய்த புடவைதான். ஆனால் தெரியும் என்பதற்கும் தெரியும் என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. எங்களுக்குக் கல்யாணம் 2005-ல். 2011-ல் மாமனார் போய்விட்டார். தறியைக் கழற்றி விற்றார்கள். அந்த வீட்டில் நான் தறியின் மேல் சட்டையை மாட்டியிருக்கிறேனே தவிர, தறி ஓடி உட்கார்ந்து பார்த்ததில்லை.

சிலையிலிருந்து கொஞ்ச தூரத்தில் 'கனூ வீடு' என்று ஒரு மியூசியம். கனூ என்றால் லியோனின் பட்டு நெசவாளி. டிக்கெட் வாங்கினால் ஒருவர் பழைய தறியில் உட்கார்ந்து நெய்து காட்டுவார். கூட்டத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் இந்தியர். அவர் மிதித்தார், நாடா ஓடியது, பலகை வந்து மோதியது. இந்தச் சத்தத்தை வைத்தே லியோன்காரர்கள் தறிக்கு ஒரு செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள்: பிஸ்தான்க்ளாக்! வழிகாட்டி அதைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. கழுத்தைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கால் சரியா இருக்கு" என்று என் காதில் சொன்னாள். "கை கொஞ்சம் லேட்."

அப்புறம் அந்த வழிகாட்டி 1831 கதை சொன்னாள். முதலாளி பட்டு கொடுப்பார், நெசவாளி தன் வீட்டில் தன் தறியில் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார். குறைந்தபட்சக் கூலி என்று ஒன்று பேசி முடித்தார்கள். முதலாளிகளில் பலர் தர முடியாது என்று கையை விரித்தார்கள். நவம்பரில் இந்தக் குன்றிலிருந்து கனூக்கள் இறங்கிப் போய் ஊரையே பிடித்துவிட்டார்கள். ராணுவம் வந்துதான் திரும்ப வாங்கியது. 1834-ல் மறுபடி எழுந்தபோது ரத்த வெள்ளம்.

நான் இதை மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, அவள் "ம்... ம்..." என்று, எதிர்வீட்டு விஷயம் கேட்கிறவள் மாதிரி தலையாட்டினாள். "அப்பாவும் இதேதாங்க. பாவும் ஜரிகையும் முதலாளி கொடுப்பாரு. புடவைக்கு இவ்வளவுன்னு கூலி. கூலி ஏத்திக் கேக்கணும்னு போவாரு, டீ சாப்பிட்டு வந்துடுவாரு."

மறுபடி தறி ஓடியது. அவள் விரல்கள் தொடையில் தட்டிக்கொண்டிருந்தன. உதடு அசைந்தது.

"என்ன முணுமுணுக்கறே?"

"ஒண்ணுமில்ல."

குன்றிலிருந்து கீழே இறங்குவதற்கு லியோனில் ரோடு மட்டும் வழியில்லை. 'த்ரபூல்' என்று ஒன்று உண்டு. ஒரு வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனால் முற்றம், படிக்கட்டு, இன்னொரு இருட்டு நடை, கடைசியில் வேறு தெருவில் வெளியே வருவோம். நெசவாளிகள் மழையில் நனையாமல் பட்டைத் தூக்கிப் போக இது வசதியாக இருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மன்காரர்கள் கண்ணில் மண்ணைத் தூவ ரகசியப் படைக்கும் உதவியது. நாங்கள் டார்ட் பெட்டியோடு இறங்கினோம்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஒரு எச்சரிக்கை: பிரான்ஸில் பசி என்பது பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை மட்டுமே அனுமதிக்கப்பட்ட விஷயம். இரண்டு அடித்தால் அடுப்பை அணைத்துவிடுவார்கள். நாங்கள் ஒன்றரைக்கு ஒரு 'பூஷோன்' பிடித்தோம். பூஷோன் என்றால் லியோனுக்கே உரிய சின்னச் சாப்பாட்டுக் கடை. கட்டம் போட்ட மேஜைத் துணி, முழங்கை இடிக்கிற நெருக்கம், பக்கத்து மேஜைக்காரர் தட்டை நாம் தாராளமாக எட்டிப் பார்க்கலாம். இன்னொரு உபயோகமான தகவல்: தண்ணீர் என்று மட்டும் கேட்டால் பாட்டில் வரும், பில்லும் வரும். 'கராஃப் தோ' என்று கேளுங்கள். ஜாடியில் குழாய்த் தண்ணீர், இலவசம். ஆறு வருடம் சென்னை மெட்ரோ வாட்டர் குடித்தவனுக்கு அது அமிர்தம்.

மெனுவில் எனக்குப் புரிந்தது விலை மட்டுமே. பெயர் அழகாக இருக்கிறதே என்று 'ஆந்துயெத்' சொன்னேன். உச்சரித்துப் பாருங்கள், கதாநாயகி பெயர் மாதிரி இல்லை? அவளுக்காக, கறி இல்லாததாக ஏதாவது என்று பரிசாரகரிடம் கைஜாடையில் மன்றாடினேன். அவர் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்: 'செர்வெல் த கனூ'. கனூ தெரியும். செர்வெல் தெரியாது. செல்போனில் தட்டினேன்.

மூளை. நெசவாளியின் மூளை.

அவள் என் முகத்தைப் பார்த்தே ஏதோ விபரீதம் என்று கண்டுபிடித்துவிட்டாள். சொல்லித் தொலைத்தேன்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா மூளையா? அதுவும் யார் மூளை? எங்கப்பா மூளை!"

பரிசாரகர் பயந்துவிட்டார். உள்ளே ஓடி ஒரு கிண்ணத்தோடு திரும்பி வந்து அவள் முன்னால் வைத்தார். வெள்ளை வெளேர் என்று இளம் பாலாடைக்கட்டி. அதில் பொடியாக நறுக்கின சின்ன வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள், ஆலிவ் எண்ணெய், துளி வினிகர். அவள் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள்.

"தயிர்ப் பச்சடிங்க!"

ஆட்டு மூளை வாங்கக் காசில்லாத நெசவாளிகள் அதற்குப் பதில் இதைச் சாப்பிட்டதால் அந்தப் பெயர் என்கிறார்கள். பட்டு முதலாளிகள் நக்கலாக வைத்த பெயர் என்றும் சொல்கிறார்கள். அவளுக்கு இரண்டாவது காரணம்தான் சரியாகப் பட்டது. ரொட்டியில் தடவித் தடவிக் கிண்ணத்தைக் காலி செய்தாள். கூடவே உருளைக்கிழங்கை வில்லை வில்லையாகச் சீவிப் பாலேட்டில் அடுப்பில் வைத்தெடுத்த 'க்ராத்தான்'. அதுவும் காலி.

என் கதாநாயகி வந்தாள். ஆந்துயெத் என்பது பன்றிக்குடலைப் பன்றிக்குடலுக்குள்ளேயே அடைத்த சாசேஜ். கத்தி வைத்ததும் ஒரு வாசனை கிளம்பியது. அதை நான் இங்கே வர்ணித்தால் எடிட்டர் வெட்டிவிடுவார். பக்கத்து மேஜைப் பெரியவர் 'பேஷ்!' என்கிற மாதிரி எனக்குக் கட்டைவிரலைக் காட்டினார். மானம் பெரிது. கடுகு சாஸை அள்ளி அப்பி, மூன்று துண்டு விழுங்கினேன். லியோனில் அடி கனத்த 46 சென்டிலிட்டர் பாட்டிலில் ஒயின் தருவார்கள். அதன் மருத்துவ அவசியம் அப்போதுதான் புரிந்தது. மேற்கொண்டு கேட்காதீர்கள்.

"வெள்ளிக்கிழமை சாப்பிட்டா இப்படித்தான்" என்றாள், பச்சடியை வழித்துக்கொண்டே.

சாயங்காலம் நாலு மணிக்கு சோன் ஆற்றைத் தாண்டி, கயிற்று ரயில் பிடித்து ஃபூர்வியேர் குன்றுக்கு ஏறினோம். லியோனில் இரண்டு ஆறு, சோனும் ரோனும். மூன்றாவதாகப் பக்கத்து ஊர் ஒயின் ஓடுகிறது என்பது உள்ளூர்ப் பழமொழி. மேலே பெரிய மாதா கோயில். நாலு மூலையிலும் கோபுரம் தூக்கி நிற்பதால், மல்லாக்கப் படுத்த யானை என்று ஊர்க்காரர்களே கேலி செய்வார்கள். பார்த்த பிறகு வேறு மாதிரி பார்க்க முடியவில்லை. அவள் உள்ளே போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். வெள்ளிக்கிழமைக் கணக்கு நேரானது.

பக்கத்துச் சரிவில் இரண்டாயிரம் வருஷத்து ரோமானிய நாடக அரங்கம், பத்தாயிரம் பேர் உட்காரலாம். அதற்கு ஒட்டினாற்போலவே இன்னொரு சின்ன அரங்கம், பாட்டுக்கும் கவிதைக்கும் என்று. ரோமானியர் காலத்து சபா! கல்படியில் உட்கார்ந்தோம். கான்டீன் மட்டும் இல்லை.

கீழே இறங்கிப் பழைய லியோனுக்குள் நுழைந்தபோது மணி ஆறு. தெருவே மாறியிருந்தது.

ஜூன் 21 என்ன நாள் என்று நான் இன்னும் சொல்லவில்லை. பிரான்ஸில் அன்றைக்கு இசைத் திருநாள். 1982-ல் ஜாக் லாங் கலாசார மந்திரியாக இருந்தபோது ஆரம்பித்தது. வருஷத்திலேயே நீளமான பகல். அன்றைக்கு யார் வேண்டுமானாலும் தெருவில் நின்று பாடலாம், வாசிக்கலாம், டிக்கெட் கிடையாது. விழாவின் பெயரிலேயே ஒரு சிலேடை இருக்கிறது. 'ஃபெத் த ல ம்யுசிக்' என்றால் இசைத் திருநாள். எழுத்தை மாற்றி அதே உச்சரிப்பில் எழுதினால், 'இசை செய்யுங்கள்' என்று கட்டளை. பத்தடிக்கு ஒரு கச்சேரி. ஒரு முனையில் ரிட்டையரான பெரியவர்கள் எட்டுப் பேர் ஜாஸ் ஊதுகிறார்கள். அடுத்த முனையில் தலைமுடியைக் கலைத்துவிட்ட நாலு பையன்கள் கிட்டாரோடு சண்டை போடுகிறார்கள். ஆபீஸ் டையைக் கழற்றிப் பாக்கெட்டில் சொருகிக்கொண்டு ஒருவர் அக்கார்டியன் வாசிக்கிறார், சுமாராகத்தான். யாரும் கவலைப்படவில்லை. நம் ஊரில் சுமாராகப் பாடுகிறவன் பாத்ரூமுக்கு வெளியே பாட முடியுமா?

சத்தம் தாங்காமல் ஒரு த்ரபூலுக்குள் ஒதுங்கினோம். உள்ளே கிணறு மாதிரி ஆழமான ஒரு முற்றம். சுற்றிலும் மூன்று மாடி வளைவுகள், மூலையில் வட்டப் படிக்கட்டுக் கோபுரம். இங்கே ஜனங்கள் குடியிருக்கிறார்கள், சத்தம் போடாதீர்கள் என்று போர்டு. வெளியே இருந்து டிரம்ஸின் அடி மட்டும் சுவர் தாண்டி, மிருதுவாக, ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. டக்... டடக்... டக். படியில் ஒரு காலேஜ் பெண் உட்கார்ந்து வயலினுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள்.

என் மனைவி சுவரில் சாய்ந்துகொண்டாள். காலையில் தொடையில் தட்டினாளே, அதே தட்டல். உதடு அசைந்தது. இந்தத் தடவை சத்தம் வந்தது.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். 'பாடுங்கள்' என்று வில்லால் ஜாடை காட்டினாள்.

"இவளுக்குப் பாட்டெல்லாம் வராது" என்று இங்கிலீஷில் சொன்னேன். அது என் மனப்பூர்வமான நம்பிக்கை. பெண் பார்க்கப் போனபோது என் அம்மா, "ஒரு பாட்டுப் பாடேம்மா" என்று கேட்டதும், இவள் தலையைக் குனிந்துகொண்டு "தெரியாதுங்க" என்றதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சொஜ்ஜி நன்றாக இருந்ததால் விஷயம் பெரிதாகவில்லை.

அவள் பாடினாள்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. ராகம் கேட்காதீர்கள். பெரிய குரல் இல்லை, கொஞ்சம் கரகரப்பு. ஆனால் நடுக்கம் இல்லை. மெட்டு ஏதோ பழைய சினிமாப் பாட்டின் மெட்டு. வார்த்தை மட்டும் வேறே: கரை வந்தது, பூ வந்தது, முந்தி வரவில்லையே, கூலி வரவில்லையே என்கிற ரீதியில் போனது. அந்த முற்றம் குரலை வாங்கி, மூன்று மாடிக்கும் சுற்றிவிட்டு, இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தது. வயலின் பெண் ஒரே ஒரு ஸ்வரத்தைக் கண்டுபிடித்து, அதை மட்டும் தம்புரா மாதிரி இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

பாடிக்கொண்டே என் கையைப் பிடித்து டார்ட் பெட்டியின் மேல் வைத்து, தட்டச் சொன்னாள். தட்டினேன். கண்ணால் முறைத்தாள். நான் லேட்.

மேலே ஜன்னல் கதவு படாரென்று திறந்தது. ஒரு பாட்டியம்மா. எனக்குப் போர்டு ஞாபகம் வந்தது. போலீஸ், தூதரகம், ஆபீஸுக்கு ஃபோன், இன்க்ரிமென்ட் கட்... வரிசையாக எல்லாம் வந்துபோயின. பாட்டி இரண்டு முழங்கையையும் ஜன்னல் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். எதிர்மாடியில் இன்னொரு ஜன்னல்.

முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் செய்யவில்லை. அப்புறம் பாட்டி மேலேயிருந்து கை தட்டினாள். என்ன பாஷை என்று கேட்டாள். "தமூல்" என்றேன், அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஆ! பொந்திஷேரி!"

"இல்லை, காஞ்சிபுரம்" என்றேன். சட்டைத் துணியைப் பிடித்துக் காட்டி, "ஸ்வா" என்றேன். பட்டு. எனக்குத் தெரிந்த பத்து பிரெஞ்சு வார்த்தைகளில் ஒன்று, காலையில் மியூசியத்தில் பொறுக்கியது. என் சட்டை தி.நகர் பிளாட்பாரத்து டெர்ரிகாட். பாட்டிக்கு என்ன புரிந்ததோ, லியோன்காரியாயிற்றே, பலமாகத் தலையாட்டினாள்.

அப்புறம் ஆபரா ஹவுஸ் பக்கம் போனோம். 1831-ல் திறந்த கட்டடம், நெசவாளிகள் எழுந்த அதே வருஷம். பழைய சுவர்களை விட்டுவைத்து, மேலே பெரிய கண்ணாடி வளைவு வைத்து 1993-ல் புதுசாக்கினார் ழான் நூவேல். முகப்பின் மேல் கலைத் தேவதைகள் நிற்கிறார்கள். ஒன்பது பேர் இருக்க வேண்டும், எட்டுப் பேருக்குத்தான் இடம். வானசாஸ்திரத் தேவதையை விட்டுவிட்டார்கள். கூட்டம், ஆட்டம், பீர். இதை விவரமாக எழுதலாம்தான், ஆனால் நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. பக்கத்தில் நடக்கிறவளையே பார்த்துக்கொண்டு நடந்ததில் இரண்டு பேர் மேல் மோதினேன்.

ஒன்பதரைக்கு மேல்தான் சூரியன் போனது. பதினொரு மணிக்கு சோன் ஆற்றுப் பாலத்தில் உட்கார்ந்து டார்ட் பெட்டியைத் திறந்தோம். நான் மிருதங்கம் வாசித்ததில் ஒரு ஓரம் நொறுங்கியிருந்தது. ரோஸ் கலர் கையெல்லாம் ஒட்டியது.

"அன்னிக்கு ஏன் தெரியாதுன்னே?"

என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை.

"உங்கம்மா கேட்ட பாட்டு எனக்குத் தெரியாதுதான். அவங்க கீர்த்தனை எதிர்பார்த்தாங்க. எனக்குத் தெரிஞ்சது தறிப்பாட்டு. கோர்வைப் புடவைன்னா ஒரு ஆளால ஆவாதுங்க. அப்பா இந்தப் பக்கம், நான் பக்கத்துல உக்காந்து கரைக்கு நாடா தள்ளணும். ஏழு வயசுலேருந்து. ஸ்கூல் விட்டு வந்ததும் தள்ளணும், லீவு நாள்னா விடியக்காலைலேருந்து. தூக்கம் வரும். தூங்கிட்டா கரை கெட்டுப்போயிடும். அதனால அப்பா பாடுவாரு, நான் பதில் பாடணும். பாட்டு நின்னா நான் தூங்கிட்டேன்னு அர்த்தம்." விரலில் ஒட்டிய ரோஸை நக்கினாள். "அதைப் போய் மாப்பிள்ளை வீட்டுல பாடுவாங்களா?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. பதினாலு வருஷம்."

"நீங்க கேக்கலையே."

ஆறு போய்க்கொண்டிருந்தது. ஃபூர்வியேர் யானை விளக்குப் போட்டுக்கொண்டு மல்லாக்கப் படுத்திருந்தது. நான் டார்ட்டின் நொறுங்கின பக்கத்தை எடுத்துக்கொண்டேன்.

ஓட்டலுக்கு நடந்தோம். பாதி வழியில் அவள் நின்று என் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். பன்னிரண்டு ஐந்து.

"ஏங்க, சனிக்கிழமை ஆயிடுச்சு."

"ஆமா."

"பசிக்குது. கறி ஏதாவது கிடைக்குமா?"

உலகத்துச் சாப்பாட்டு ரசிகர்கள் எல்லாம் தேடி வருகிற ஊரில், நள்ளிரவு பன்னிரண்டு ஐந்துக்கு அடுப்பு எரிந்தது ஒரே இடத்தில்தான். துருக்கிக்காரர் ஒருவரின் கெபாப் கடை. கம்பியில் சுற்றுகிற கோழியைச் சீவிச் சீவி ரொட்டிக்குள் அடைத்தார். மேலே என்ன வேண்டும் என்று பிரான்ஸ் பூராவும் கெபாப் கடைகளில் ஒரே மந்திரமாகக் கேட்பார்களாம். அவரும் கத்தியைப் பலகையில் தட்டிக்கொண்டே கேட்டார்: "சலாத், தொமாத், ஒன்யோன்?"

கீரை, தக்காளி, வெங்காயம். என் மனைவி உடனே பதில் சொல்லவில்லை. கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, மேஜையில் விரலால் ஒரு தடவை தட்டிப் பார்த்தாள்.

"இவர் சரியா இருக்காருங்க" என்றாள்.